சனிக்கிழமைக்கு ஒரு வயர்

மொனிட்டர் கப்பலில் வந்தது. லண்டனில் இருக்கும் தம்பி அனுப்பிய பெட்டிக்குள் வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை வீட்டு மூலையில் மாதக்கணக்காக வைத்து, சவர்க்காரம், ரொபி, துவாய், பால்மா என்று கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, நிறைந்ததும் கப்பலில் போடுவார்கள். அது கொழும்பில் இறங்கி, அங்கிருந்து லொறி ஏறித் திருகோணமலைக்கு வரும். என் வீட்டுக்கும் துறைமுகத்துக்கும் நடக்கிற தூரம்தான். ஆனாலும் பெட்டி கொழும்பைச் சுற்றித்தான் வந்தது. இந்த முறை அதற்குள் ஏழெட்டுத் துவாய்களால் சுற்றப்பட்டு இருபத்தேழு அங்குல மொனிட்டர் ஒன்று இருந்தது.

நான் மீன்பிடி வள்ளங்களுக்குப் பூட்டுகிற எஞ்சின்களைத் திருத்துகிறவன். உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை எனக்கு இருக்கிறது. வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் செய்யவில்லை. அம்மா இருந்தவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டேன், அம்மா போன பிறகு பார்த்துக்கொள்ள யாரும் மிஞ்சவில்லை. தலை நரைத்த இந்த மனிசனுக்கு விளையாட்டு மொனிட்டர் எதற்கு என்று லொறிக்காரன்கூட முகத்தால் கேட்டான். நான் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

காரணம் தம்பிதான். அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்தவன் முப்பத்தோராம் நாள் கிரியை முடிய லண்டனுக்குத் திரும்பினான். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருதரம் கதைத்தோம். கதைத்தோம் என்று சொல்வது கொஞ்சம் கூடுதல். "சாப்பிட்டனீங்களா?" என்பான். "ஓம்" என்பேன். "அங்க மழையா?" என்பான். "இல்ல, வெயில்" என்பேன். அதோடு சரக்கு முடிந்துவிடும். பிறகு இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கும். இத்தனை நாளும் நாங்கள் அம்மாவைப் பற்றித்தான் கதைத்திருக்கிறோம், அம்மாவின் மருந்து, அம்மாவின் கால்வீக்கம், அம்மாவின் கோபம் என்று. அந்த விஷயம் தீர்ந்ததும் எங்களுக்குள் வேறு விஷயமே இருந்ததில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கிழமைக்கு ஒன்று இரண்டு கிழமைக்கு ஒன்றாகி, பிறகு மாதத்துக்கு ஒன்றானது.

கார் ஓட்டும் விளையாட்டைக் கண்டுபிடித்தவனும் அவனே. அவன் அங்கே இருந்து ஒரு காரை ஓட்டலாம், நான் இங்கே இருந்து ஒன்றை ஓட்டலாம், இரண்டும் ஒரே தெருவில் போகும். காதில் மாட்டுகிற கருவியில் குரலும் கேட்கும். நிலாவெளியில் விடுதி நடத்திய ஒருவர் தொழிலை விட்டுப் போகும்போது விற்ற கொம்பியூட்டர் ஒன்றை வாங்கினேன். சனிக்கிழமைகளில் கொட்டகையை நண்பகலோடு மூடிவிட்டு, கையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்த்துக் குளித்து, கடையில் எடுத்த சோற்றைச் சாப்பிட்டு, ஒன்றரை மணிக்குக் கதிரையில் உட்காருவேன். அங்கே அப்போது காலை ஒன்பது. தோய்த்து மடித்த சேட்டு ஒன்றையும் போட்டுக்கொள்வேன். என் கொம்பியூட்டரில் கமரா கிடையாது. அவனுக்கு நான் என்ன போட்டிருக்கிறேன் என்று தெரியவே தெரியாது. என்றாலும் போடுவேன்.

அந்த ஓட்டத்தில் நாங்கள் பெரிதாக ஒன்றும் கதைப்பதில்லை. "இடப்பக்கம், இடப்பக்கம்", "வளைவு வருது", "ஐயோ போச்சு" என்பதுதான். ஆனால் டெலிபோனில் மௌனம் வந்தால் நெஞ்சை அடைக்கும், இதில் மௌனம் வந்தால் கார் ஓடிக்கொண்டிருக்கும். ஞாயிறு முதல் வெள்ளிவரை என் வாயிலிருந்து வருவதெல்லாம் எஞ்சின் பற்றிய பேச்சுத்தான். வீட்டில் பேச்சே இல்லை. எனக்கு அந்தச் சனிக்கிழமை மட்டும்தான் இருந்தது.

என் பழைய மொனிட்டர் சின்னது, மங்கல். அதனால்தான் தம்பி புதிதை அனுப்பினான். பெட்டி வருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அதன் பெருமையைப் பாடினான்.

"அண்ணா, சாதாரண மொனிட்டர் செக்கனுக்கு அறுவது படம் காட்டும். இது நூத்தி நாப்பத்தி நாலு காட்டும். வேகமா ஓடேக்க தெருவில கிடக்கிற கல்லுக்கூடத் தெரியும்."

"கல்லப் பாத்து நான் என்ன செய்யிறது?"

"ஓட்டிப் பாருங்கோவன், பிறகு சொல்லுவியள்."

மொனிட்டர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இரண்டு வயர்கள் இருந்தன. ஒன்று கரண்ட் வயர். அதன் பிளக்கில் மூன்று சதுரக் கால்கள். எங்கள் வீடு பழைய வீடு, சுவரில் இருப்பதெல்லாம் வட்ட ஓட்டைகள். மற்றது ஒட்டின பொலித்தீன் உறைக்குள் இருந்த கறுப்பு வயர். அதன் இரண்டு முனைகளும் நான் அதுவரை ரி.வி.யில் கண்ட எச்.டி.எம்.ஐ. முனைபோல இல்லை. ஒரு மூலை வெட்டினாற்போல இருந்தது. பிளக் அந்த நாட்டுக்குரியது என்றால் இந்த வயரும் அந்த நாட்டுக்குரியதாகத்தான் இருக்கும் என்று நான் முடிவு கட்டினேன். இருபத்தைந்து வருடமாக எஞ்சின் கழற்றிப் பூட்டுகிறவனின் மூளை அன்று இவ்வளவுதான் வேலை செய்தது.

உண்மையைச் சொன்னால் இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டில் உறை பிரிக்காத சாமானை யாரும் உறை பிரிப்பதில்லை. அம்மாவின் அலுமாரிக்குள் பிளாஸ்டிக் கழற்றாத படுக்கை விரிப்பு மூன்று இருக்கிறது. ஒரு நாளும் தேத்தண்ணி ஊற்றாத கண்ணாடிக் கோப்பைகள் இருக்கின்றன. மூடி திறக்காமலே வாசம் போன செண்டுப் போத்தல் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தது, ஒறிஜினல், பழையது முடிந்த பிறகு எடுக்கலாம் என்று வைத்தவைதான் எல்லாம். பழையது ஒரு நாளும் முடிவதில்லை. நானும் அந்த வயரை உறையோடு அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன். பிளக்குக்கு மட்டும் ஒரு மாற்றி வாங்கிப் போட்டேன். ரி.வி.யின் பின்னால் தொங்கிய பழைய எச்.டி.எம்.ஐ. வயரை இழுத்துக்கொண்டு வந்து மொனிட்டரில் கொழுவினேன்.

படம் வந்தது. பெரிய, அழகான படம். கடல் காற்று கொம்பியூட்டரின் இணைப்புகளைத் துருப்பிடிக்க வைத்துவிடும் என்று அதை அம்மாவின் அறைக்குள் வைத்திருந்தேன். மொனிட்டரும் மேசையும் முன் விறாந்தையில், காற்றுப்படும் ஜன்னலோரம். ரி.வி. வயர் நீளம் என்பதால் கதவுக்குக் கீழால் வந்து சேர்ந்தது. எல்லாம் பொருத்தமாகத்தான் தெரிந்தது.

"நூத்தி நாப்பத்தி நாலில போட்டனீங்களா?" என்று அந்தச் சனிக்கிழமை தம்பி கேட்டான்.

"ஓம்" என்றேன். அப்படி ஒன்றைப் போட வேண்டும் என்பதே அவன் கேட்டபோதுதான் தெரிந்தது.

அவன் போன பிறகு செட்டிங்ஸில் தேடிப் பார்த்தேன். அறுபது என்று இருந்தது. நூற்று நாற்பத்து நான்கு என்று மாற்றினேன். ஒரு பேச்சும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

வினை அடுத்த கிழமை தொடங்கியது. ஓட்டத்தின் நடுவில் திரை கறுத்தது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, அவ்வளவுதான். படம் திரும்பி வரும்போது என் கார் ஒரு பனையில் மோதி நின்றது. பின்நகர்த்தி, தெருவில் ஏறி, வேகம் பிடித்தால் கொஞ்சத் தூரத்தில் மறுபடி கறுக்கும். இந்த முறை கார் கடலுக்குள் கிடக்கும். வேறொருவனாக இருந்தால் உடனே தம்பியிடம் சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கி, துவாய் சுற்றி, கப்பலில் அனுப்பிய சாமானில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறேக் வழுக்கிவிட்டது என்றேன், கை வியர்த்தது என்றேன், கண்ணில் இலையான் மொய்த்தது என்று ஒரு நாள் சொன்னேன்.

ஒரு ஆறுதல் இருந்தது. நான் இவ்வளவு மோதியும் தம்பி என்னை விட்டு வெகுதூரம் போய்விடவில்லை. படம் திரும்பி வந்து நான் தெருவில் ஏறும்போதெல்லாம் அவனுடைய நீலக் கார் கொஞ்சம் முன்னால்தான் போய்க்கொண்டிருக்கும்.

"நீயும் எங்கயோ இடிச்சிட்டாய் போல?" என்று கேட்பேன்.

"ஓம் அண்ணா, மரத்தில" என்பான்.

அவனும் என்னைப்போல ஒரு தறுதலை ஓட்டக்காரன்தான் என்று எனக்கு உள்ளூரச் சந்தோசம்.

ஒரு சனிக்கிழமை ஏழு முறை கறுத்தது. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஓட்டம் முடிந்ததும் நான் லைனை வைப்பதற்குள் தம்பி சொன்னான்.

"அண்ணா, உங்களுக்குக் கஷ்டமெண்டா இத விடுவம். கிழமை முழுக்க வேலை செய்து களைச்சுப்போய் இருப்பியள்."

"சீ, ஒரு கஷ்டமும் இல்ல" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அன்று பின்னேரம் முழுக்க அந்த வார்த்தை என்னோடு இருந்தது. களைப்பு என்று அவன் சொன்னது மரியாதைக்கு. அலுத்துவிட்டது என்பதுதான் பொருள். யாருக்குத்தான் அலுக்காது? கண் தெரியாதவன்போல மரத்திலும் கடலிலும் மோதிக்கொண்டிருக்கும் ஒருவனோடு எத்தனை கிழமைக்கு ஓட்டுவான்? எனக்குப் பயம் வந்தது. விளையாட்டு நின்றால் மறுபடி டெலிபோன்தான், சாப்பிட்டனீங்களா, மழையா. அதுவும் மெல்ல மெல்லத் தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்று ஆகிவிடும். அப்படி ஆகிப்போன அண்ணன் தம்பிகளை இந்த ஊரில் வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறேன். வரும் சனிக்கிழமைக்குள் இந்தக் கறுப்பை நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக ஓட்டிப் பார்த்தேன். இன்டர்நெட் என்று நினைத்தேன், அதைக் கழற்றியும் கறுத்தது. மொனிட்டரே பிழையோ என்று பயந்தேன். கடைசியில் எஞ்சினுக்குச் செய்வதையே செய்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டு ஆட்டினேன். ரி.வி. வயரை ஆட்டியதும் திரை கறுத்தது. விட்டதும் வந்தது. கள்ளன் பிடிபட்டான்.

திங்கட்கிழமை பஸ் நிலையப் பக்கம் இருக்கிற பெரிய கடைக்குப் போனேன். ஏசி போட்ட கடை. வரிசையாக வயர்கள் தொங்கின. எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றேன். அங்கே வேலைக்கு நின்ற பெண்பிள்ளை, "அண்ணா, இது தங்கப் பூச்சு, கேம் விளையாட நல்லது" என்று ஒன்றை எடுத்துத் தந்தாள். உறையில் எட்டு கே என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கதவுக்குக் கீழால் வர வேண்டுமே என்று நீளமானதாகக் கேட்டு, பதினைந்து அடி வாங்கினேன். வீட்டுக்கு வந்து கொழுவினால், நூற்று நாற்பத்து நான்கில் படமே வரவில்லை. அறுபதுக்கு இறக்கினால் வந்தது. பழைய வயராவது இடையிடையே கறுத்தது. இது முழுக்கக் கறுப்பு. தங்கப் பூச்சைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் ஏசினேன். அதைக் கேட்கவும் வீட்டில் ஆளில்லை.

புதன்கிழமை சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு மீன்பிடிகாரர் எஞ்சின் கொண்டுவந்தார். மெதுவாக ஓடும்போது நன்றாக ஓடுகிறது, வேகம் கொடுத்தால் செத்துப்போகிறது என்றார். பார்த்தால் எண்ணெய்க் குழாயை மாற்றியிருந்தார். நான் வழக்கம்போல் பாய்ந்தேன்.

"நாப்பது குதிரை எஞ்சினுக்கு பதினைஞ்சு குதிரைக் குழாய் போட்டிருக்கிறீர். அதுவும் இந்த நீளத்தில. மெதுவா ஓடேக்க காணும். வேகம் பிடிக்கேக்க எண்ணெய் எங்கால வாறது?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் நின்றுவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அறுபது படத்துக்குப் போதுமான வயர் நூற்று நாற்பத்து நான்கு படத்துக்கு எப்படிப் போதும்? மேலே தங்கம் பூசினால் குழாய் அகலமாகிவிடுமா? இதை ஒரு மாதமாக நான் யோசிக்கவில்லை. அவரிடம் அன்று கூலி குறைத்து வாங்கினேன். அவருக்குக் காரணம் விளங்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"உமக்குத் தெரிஞ்ச கொம்பியூட்டர்க்காரர் ஆரும் இருக்கினமே?" என்று அவரிடமே கேட்டேன். மகனின் கொம்பியூட்டரைத் திருத்தித் தந்த ஒரு முஸ்லிம் நானாவின் கடையைச் சொன்னார்.

வியாழக்கிழமை அங்கே போனேன். சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கைக்குள், இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் கடை. ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் அட்டைப்பெட்டியின் விளிம்பைச் சப்பிக்கொண்டு நின்றது. அதைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது. கடைக்காரர் கிண்ணியாவிலிருந்து தினமும் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வருகிறவர், என் வயதுக்காரர். ஒரு மடிக்கணினியைப் பிரித்து வைத்திருந்தார்.

"நானா, கேம் மொனிட்டருக்கு ஒரு வயர் வேணும். நூத்தி நாப்பத்தி நாலு."

அவர் எதையும் எடுத்து நீட்டவில்லை. "எங்க கொழுவுறீங்க?" என்று கேட்டார். "பின்பக்கத்தப் படம் எடுத்து வச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தேன். எஞ்சின் இலக்கத்தைப் படம் எடுக்காமல் உதிரிப்பாகம் வாங்க வருகிறவர்களை நானே திருப்பி அனுப்புகிறவன். கொம்பியூட்டரின் பின்பக்கப் படத்தையும் மொனிட்டரின் பின்பக்கப் படத்தையும் காட்டினேன். அவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்த மொனிட்டர்ல இருக்கிற எச்.டி.எம்.ஐ. ஓட்டைக்கு நல்ல வயர் போட்டா ஓடும். ஆனா உங்கட கொம்பியூட்டர்ல படம் அனுப்புற கார்ட்ல இந்தா, இது மூணு சும்மா கிடக்கு. டிஸ்பிளே போர்ட். மொனிட்டர்லயும் ஒண்டு இருக்கு. கேமுக்கு இதுதான் கண்ண மூடிட்டுப் போடுற வழி."

அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். ஒரு மூலை வெட்டின வாய்.

"மொனிட்டர் பெட்டிக்குள்ள இதுக்கு வயர் வந்திருக்குமே?" என்றார்.

"வந்தது."

"எங்க?"

"அலுமாரிக்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எங்கிட்ட வாற ஆக்கள்ல பாதிப் பேர்ட வயர் அலுமாரிக்குள்ளதான் இருக்கு" என்றார். "எங்கட வீட்டயும் மனிசி சவூதியில இருந்து கொண்டுவந்த அயன் இன்னும் உறை கழட்டல்ல. பழசுதான் சூடாகுதே எண்டு சொல்றா. நான் வயர் விக்க மாட்டன். வீட்ட போய் அலுமாரியத் திறங்க."

வயர் எவ்வளவு நீளம் என்று கேட்டார். ஆறடி இருக்கும் என்றேன். "அப்ப மேசையத்தான் நகர்த்தணும். வயர இழுத்து நீட்டப் போகாதீங்க. நீளம் கூடக்கூட இழப்பும் கூடும். கொழுவினப் பொறவு செட்டிங்ஸ்ல இலக்கத்தத் திரும்பப் பாருங்க, அது தன்பாட்டுக்கு அறுவதில நிக்கும். கழட்டேக்குள்ள முனையில இருக்கிற பொத்தான அமத்திட்டு இழுங்க, இல்லாட்டி கார்ட் உடையும்."

வெறுங்கையோடு வெளியே வரக் கூச்சமாக இருந்தது. அவர் அதற்குள் மடிக்கணினிக்குள் தலையை விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அலுமாரியைத் திறந்தேன். பொலித்தீனை வெட்டக் கத்திரிக்கோல் எடுத்தபோது ஏதோ தப்புச் செய்வதுபோல் இருந்தது. வயருக்கு நீளம் காணாதபடியால் மேசையை விறாந்தையிலிருந்து அம்மாவின் அறைக்குள் தள்ளினேன். அம்மாவின் கட்டிலைச் சுவரோடு ஒட்ட வேண்டியிருந்தது. மூன்று வருடமாக அந்த அறைக்குள் நான் கொம்பியூட்டரைப் போடவும் அணைக்கவும்தான் போயிருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. வயரைக் கொழுவினேன். இரண்டு முனையும் டக் என்று பூட்டிக்கொண்டன. நானா சொன்னதுபோல் அறுபதில்தான் நின்றது. மாற்றினேன்.

அம்புக்குறியை அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்தேன். அது தாவவில்லை, இழுபடவில்லை, கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. காரை எடுத்து ஓட்டினேன். கறுக்கவில்லை. தம்பி சொன்ன கல் உண்மையிலேயே தெரிந்தது. தெருவோரப் புல் ஒவ்வொன்றாகப் போனது. யாரையாவது கூப்பிட்டு, இங்கே வந்து பாருங்கள் என்று காட்ட வேண்டும்போல இருந்தது. கதிரையில் பாதி எழும்பியும் விட்டேன். எழும்பி யாரைக் கூப்பிடுவது? பக்கத்து வீட்டுக்காரர் குச்சவெளியில் மகளோடு போய் இருக்கிறார். மறுபடி உட்கார்ந்தேன். அந்த வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை என்பது அந்த நல்ல நேரத்தில்தான் எனக்கு ஆகக் கூடுதலாக உறைத்தது.

சனிக்கிழமை ஒன்றரைக்குச் சேட்டுப் போட்டு உட்கார்ந்தேன். தம்பி கடலோரத் தெருவைத் தெரிவு செய்தான். ஓட்டம் தொடங்கியது. முதல் வளைவில் திரும்பினேன், மோதவில்லை. இரண்டாவதிலும் மோதவில்லை. இன்றைக்கு இவனை முந்திக் காட்டுகிறேன், இனி இதை விடுவம் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆனால் தம்பி என்னை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நன்றாக ஓட்டுகிறவன் எப்படி எப்போதும் எனக்குக் கொஞ்சம் முன்னால்தான் நின்றான்? நீலக் கார் சின்னதாகி, தெருக்கோடியில் ஒரு புள்ளியாகிவிட்டது. அப்போது அந்தப் புள்ளியில் இரண்டு சிவப்பு வெளிச்சம் எரிந்ததைக் கண்டேன். பிறேக் வெளிச்சம். நேர்த்தெரு அது. வளைவு இல்லை, மரம் இல்லை, எதிரே வண்டி இல்லை. அவன் காரை ஓரங்கட்டி நிறுத்தினான். நான் கிட்ட வரும்வரை நின்றான். வந்ததும் மெல்ல எடுத்துப் போனான்.

அடுத்த நேர்த்தெருவிலும் அப்படியே நின்றான்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை கிழமையும் என் திரை கறுத்துத் திரும்பும்போது அவன் கிட்ட நின்றதன் காரணம் அவன் மரத்தில் மோதியதல்ல. ஒவ்வொரு தடவையும் நின்றிருக்கிறான். பின்னால் வருகிற கிழவனுக்காக, பாவம் பார்த்து. என்னைவிடப் பத்து வயது இளையவன், அவன் எனக்கு விட்டுக்கொடுத்து விளையாடியிருக்கிறான், நான் அதைச் சரிசமம் என்று நம்பிச் சந்தோசப்பட்டிருக்கிறேன். மூன்றாவது தடவை சிவப்பு வெளிச்சத்தைக் கண்டதும் நானும் பிறேக்கை அமத்தினேன். அவன் காருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"என்ன அண்ணா, கரண்ட் போச்சுதா?"

"இல்ல. நீ ஏன் நிண்டனி?"

"நிக்கேல்ல. இடிச்சிட்டன்."

"இடிக்கேல்ல. எனக்கு இப்ப எல்லாம் தெரியுது."

நான்தான் பேசினேன். ரி.வி. வயர், ஏழு முறை கறுத்தது, தங்கப் பூச்சு, நானா கடை, அலுமாரி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கோபத்தில் தொடங்கியது, எங்கே முடிப்பதென்று தெரியாமல் போய்க்கொண்டே இருந்தது. அப்படி நான் அவனோடு நீளமாகக் கதைத்து எத்தனை வருடமோ.

"அதனால," என்று முடித்தேன், "நீ பாவம் பாத்து எனக்காக நிக்கத் தேவையில்ல. உனக்கு அலுத்தா நேர சொல்லு. நான் கோவிக்க மாட்டன்."

"பாவம் பாத்து நிக்கேல்ல அண்ணா."

"பிறகு?"

"ஓட்டம் முடிஞ்ச உடன நீங்கள் வைச்சிடுவியள்" என்றான்.

உண்மைதான். யார் முதல், யார் இரண்டாவது என்று திரையில் வருவதற்கு முன்பே, சரி தம்பி உனக்கு வேலை இருக்கும் வைக்கிறன், என்று நான் வைத்துவிடுவேன். அவனுக்கு மனைவி இருக்கிறாள், பிள்ளை இருக்கிறாள், பெரிய பட்டணம் இருக்கிறது. தனியாகக் கிடக்கிற ஒருவன் அவன் நேரத்தைத் தின்னக் கூடாது என்பது என் எண்ணம். அதை நல்ல பழக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சனி காலமை இவ வேலைக்குப் போயிடுவா" என்றான். "பிள்ளையை வகுப்பில விட்டிட்டு வந்தா, பன்ரண்டு மணி மட்டும் வீட்டில நான் மட்டும்தான். ஒரு சத்தமும் இருக்காது அண்ணா. ஓட்டம் எண்டு பாத்தா பத்து நிமிசம். நிண்டு நிண்டு போனா இருவது நிமிசம் வரும்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் அவன் காரின் சிவப்பு வெளிச்சம் அணையாமல் இருந்தது. அவன் அங்கே பிறேக்கில் விரலை அமத்திப் பிடித்துக்கொண்டே இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று விளங்கியது.

"பிறகேன் போன கிழமை விடுவம் எண்டு சொன்னனி?"

"நீங்கள் விருப்பமில்லாம எனக்காக விளையாடுறியள் எண்டு நினைச்சன்."

ஓட்டத்துக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறது என்று திரையின் மேல்மூலையில் எண்கள் குறையத் தொடங்கின. பத்து, ஒன்பது என்று இறங்கி முடிந்தது. இரண்டு பேரும் ஓட்டத்தை முடிக்கவில்லை என்று எழுதிக் காட்டியது.

"இன்னொருக்கா ஓடுவமா?" என்று கேட்டேன்.

"ஓட வேண்டாம் அண்ணா. கடல் தெரியிற இடமாப் பாத்து நிப்பாட்டுங்கோ."

இந்த முறை நேரக் கணக்கில்லாத ஓட்டமாகத் தொடங்கி, முதல் வளைவு தாண்டியதும் ஓரங்கட்டினேன். அவனும் வந்து பக்கத்தில் நிறுத்தினான். சாப்பிட்டனீங்களா என்று கேட்கவில்லை, என்ன சாப்பிட்டனீங்கள் என்று கேட்டான். சொன்னேன். அங்கே பன்னிரண்டு மணியாகி, பிள்ளையைக் கூட்டிவர அவன் எழும்பும்வரை இரண்டு காரும் அந்த இடத்திலேயே நின்றன.